ஆசி வழங்க ஒரு கிழவர் தேவை

“அறுபது தாண்டின ஒரு ஜோடி வேணுங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் உசிரோட இருக்கணும். தோட்டத்து ஆளுங்களா இருக்கணும். பார்த்த உடனே கும்பிடத் தோணணும். உங்களுக்குத் தெரிஞ்சு யாராச்சும் இருக்காங்களா?”

ஜொகூரில், ரெங்கம் கடைத்தெருவில் இருக்கும் என் மருந்துக் கடைக்கு வந்து யார் யாரோ என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். ஜுரத்துக்குக் கொய்னா கேட்பார்கள். மூட்டுவலித் தைலம் கேட்பார்கள். மாமியார் வாயை அடைக்க மருந்து உண்டா என்று கூட ஒருத்தி கேட்டாள். ஆனால் கிழவர் கேட்டு வந்த முதல் ஆள் சிதம்பரம்தான்.

சிதம்பரம் யார்? நம் தலைவரின் காரியதரிசி. தலைவர் யார்? அது வேண்டாம்... பெயரை எழுதினால் பத்திரிகை ஆசிரியருக்கு ராத்தூக்கம் போய்விடும். கவுன்சிலில் மெம்பர், ஊரில் உள்ள சங்கங்களுக்கெல்லாம் தலைவர், கோயிலுக்குத் தர்மகர்த்தா. எந்த மாலையும் அவர் கழுத்தைக் கேட்டுத்தான் கட்டப்படுகிறது. இவ்வளவு சொன்னால் போதாதா?

அவருக்கு அறுபது முடிந்து அறுபதாம் கல்யாணம் வந்துவிட்டது. குளுவாங்கில் பங்களா வாசலில் பந்தல், சிங்கப்பூரிலிருந்து நாகஸ்வரம், வெள்ளைக்காரத் துரைமாருக்குத் தனி நாற்காலி வரிசை. எல்லாம் தயார். கடைசியில் தலைவருக்கு ஒரு யோசனை உதித்திருக்கிறது. கலச நீர் ஊற்றி, திரும்பத் தாலி கட்டிய பிறகு, பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்க வேண்டுமல்லவா? அதை ஒரு ரப்பர்த் தோட்டத் தொழிலாளித் தம்பதியிடம் வாங்கினால் என்ன?

“கவுன்சில் மெம்பர் ஒரு பால்மரத் தொழிலாளி கால்ல விழறாரு! போட்டோ எடுத்துப் பத்திரிகைல போட்டா எப்படி இருக்கும்? யோசிச்சுப் பாருங்க சார்!” என்றார் சிதம்பரம். அவர் கண்ணில் ஏற்கெனவே அந்தப் போட்டோ தெரிந்துகொண்டிருந்தது.

“அதுக்கு என்கிட்ட ஏன்யா வந்தீர்?” என்றேன்.

“நீங்கதானே தோட்டம் தோட்டமா சுத்தறவரு. போன மாசம்கூட ஏதோ எழுதினீங்களே...”

ஆமாம், எழுதினேன். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். தோட்டத்தில் கிழவர்களைக் காணவே முடிவதில்லை, என் கடைக்கு வருகிறவன் முப்பதில் முட்டிக்குத் தைலம் வாங்குகிறான், நாற்பதில் அவன் பெண்சாதி வெள்ளைச் சேலையில் வருகிறாள் என்று இதே பகுதியில் எழுதினேன். அதைப் படித்துவிட்டுத் தலைவருக்கு மகா கோபம் என்று கேள்விப்பட்டேன். தலைவர்கள் விஷயம் நேர் எதிர் என்பதை எழுத அன்று இடம் போதவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

கவுன்சில் நாற்காலியில் உட்கார்ந்தவர் யாராவது சீக்கிரம் செத்துப்போய் நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை. சர்க்கரை வியாதி வரும், இருப்பார். மூலம் வரும், இருப்பார். சிங்கப்பூரில் ஆபரேஷன் நடக்கும், திரும்பி வந்து ஒரு வரவேற்பு வாங்கிக்கொண்டு இன்னும் பலமாக இருப்பார். சதுப்புக் கொசுகூட மெம்பர் வீட்டுப் பக்கம் போவதில்லை. அங்கே கொசுவலை இருக்கிறது, வேளாவேளைக்குச் சாப்பாடு இருக்கிறது, ஜுரம் வந்தால் டாக்டர் காரில் வருகிறார். தோட்டத்தில் ஜுரம் வந்தால் நோயாளிதான் நடந்து வருகிறான்.

சரி, சிதம்பரத்துக்கு வருவோம். “உங்களுக்கு வேற சோலியே இல்லையா? கடையை யாரு பாக்குறது?” என்று உள்ளே இருந்து என் மனைவி தங்கம் சத்தம் போட்டாள். ஆனால் கார் தயாராக நின்றது. நான் எழுதியது தப்பு என்று காட்ட ஒரு கிழவராவது கிடைக்கமாட்டாரா என்ற ஆசை எனக்கும் இருந்தது. நிஜமாகவே இருந்தது. ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தோட்டம். ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் இருந்த பெண்ணிடம் சிதம்பரம் கேட்டார். “ஏம்மா, இங்க வயசானவங்க யாரும் இல்லையா?”

“இருந்தாருங்க ஒருத்தரு. போன தீவாளிக்கு முன்னாடி கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிட்டாங்க.”

“வேற?”

“வேற... எங்க மாமனாரு இருக்காருங்க.”

“எங்கே?” என்று சிதம்பரம் துள்ளினார்.

அவள் கையை நீட்டி மரங்களுக்குப் பின்னால் இருந்த மேட்டைக் காட்டினாள். தோட்டத்து ஆட்களைப் புதைக்கிற இடம் அது. சிதம்பரம் காரில் ஏறிக்கொண்டார்.

இரண்டாவது தோட்டத்தில் ஒரு கிழவர் கிடைத்தார். பெண்சாதி இல்லை. அடுத்த தோட்டத்தில் ஒரு கிழவி கிடைத்தாள். புருஷன் இல்லை. சிதம்பரம் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். “சார்... ஒரு நாளைக்குத்தானே... அந்தப் பெரியவரையும் இந்தம்மாவையும் ஒண்ணா உட்கார வெச்சா...”

“வாயை மூடும்யா!” என்றேன். காரோட்டி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான்.

இப்படி அலைந்து அலைந்து, வெயில் சாய்கிற நேரத்தில், செம்மண் ரோடு முடிகிற இடத்தில் இருந்த ஒரு தோட்டத்தில் அகப்பட்டார் மாரிமுத்து. நிஜப் பெயர் அதுவல்ல. ஏன் மாற்றினேன் என்பது கடைசியில் புரியும்.

பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார்... நிமிர்ந்தார் என்பது பேச்சுக்கு. முதுகு பாதிவரைதான் வந்தது. தலை பஞ்சாய் வெளுத்திருந்தது. கன்னம் ஒட்டி, முன்பல் எதுவும் இல்லாமல், கண் மட்டும் உள்ளே எங்கேயோ இருந்து பார்த்தது. பக்கத்தில் அவர் மனைவி அஞ்சலை, அவளும் அதே மாதிரி வற்றிப்போன உடம்பு. சிதம்பரத்துக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

“பெரியவரே, உங்களுக்கு என்ன வயசு?”

மாரிமுத்து தலையைச் சொறிந்தார். பிறகு பவ்யமாகக் கேட்டார். “எவ்வளவு வேணுங்க?”

சிரிக்காதீர்கள். இது கிண்டல் இல்லை. நம் தோட்டத்து ஜனங்கள் வயதை அப்படித்தான் சொல்வார்கள். கப்பல் ஏறும்போது ஆள்சேர்க்கிற டிப்போவில் ஒருவர் முகத்தைப் பார்த்து ஒரு வயது போட்டார். தோட்டத்தில் சேரும்போது ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி இன்னொன்று போட்டார். ஆஸ்பத்திரி டிரஸர் மூன்றாவதாக ஒன்று போட்டார். ‘உனக்கு என்ன வயசு’ என்று யாரும் இவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. எஜமானருக்கு எது சௌகரியமோ அதுதான் வயது.

“ஒரு எழுபது போட்டுக்கலாமா?” என்றார் சிதம்பரம்.

“போட்டுக்கோங்க சாமி.”

வியாபாரம் முடிந்தது! சிதம்பரம் பெரிய கிராணியிடம் அனுமதி கேட்க ஆபீசுக்கு ஓடினார். நான் லயத்து வாசலில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். “எப்ப வந்தீங்க பெரியவரே இந்த நாட்டுக்கு?”

“ரயில் ரோடு போட்டப்பங்க. ஜொகூருக்கு ரோடு போட்டாங்கல்ல, அதுக்கு எங்கப்பாரு கல்லு சொமக்க வந்தாரு. அவரு கூடவே நானும் வந்தேன். எனக்கு அப்ப மீசை கூட வரலீங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ரயில் ரோடு போட்டு முடித்த பிறகுதான் நான் ரெங்கத்துக்கு வந்து கடை வைத்தேன். அப்போது எனக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. என் வயது ஐம்பதைத் தாண்டி இன்னும் அதிக நாள் ஆகவில்லை. அப்படியானால் மாரிமுத்து? நாற்பதை ஒட்டி இருப்பார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். நான்தான் அவரை வார்த்தைக்கு வார்த்தை ‘பெரியவரே’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது லயத்துக்குள் இருந்து ஒரு சின்னப் பெண், நாலு வயது இருக்கும், ஓடி வந்து “அப்பா!” என்று அவர் காலைக் கட்டிக்கொண்டது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

திரும்பும்போது காரில் சிதம்பரத்திடம் சொன்னேன். அவர் அசையவே இல்லை. “போட்டோவுல வயசா தெரியப் போகுது சார்? மூஞ்சிதானே தெரியும்.”

“நாலு வயசுல பொண்ணு இருக்கய்யா அவருக்கு!”

“பேத்தின்னு சொல்லிட்டாப் போச்சு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை கடைக்கு வந்தாள். மருந்து வாங்க வரவில்லை. தங்கம் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று நின்றாள்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காதீங்க. பெரியவங்க சின்னவங்க கால்ல விழுந்தா சின்னவங்களுக்கு ஆயுசு கொறையும்னு சொல்லுவாங்க இல்லீங்களா?”

“சொல்லுவாங்க...”

“அந்தப் பெரிய ஐயா எங்க ஊட்டுக்காரரு கால்ல விழப்போறாராம். கிராணி ஐயா போகச் சொல்லிட்டாரு, மாட்டேன்னு சொல்ல முடியாது. ஆனா மனசு கெடந்து அடிச்சுக்குதுங்க. இந்த மனுஷனுக்கு வருஷா வருஷம் ஜுரம் வருது. இருக்கறதே கொஞ்சம் ஆயுசுங்க. அதுலயும் கொறைஞ்சா நானும் அந்தப் புள்ளையும் எங்க போவோம்?”

தங்கம் என்னைப் பார்த்தாள். ‘போய் ஏதாவது செய்யுங்கள்’ என்ற பார்வை. சைக்கிளை ரயிலில் போட்டுக் குளுவாங் போனேன். சிதம்பரம் கத்தையாக அழைப்பிதழ்களை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“சார், இங்க பாருங்க. ‘எழுபது வயது தோட்டத் தொழிலாளித் தம்பதியர் ஆசி வழங்க...’ அச்சாகிப் போச்சு சார்.”

“அவருக்கு நாற்பதுதான்யா!”

“அச்சாகிப் போச்சே சார்!”

அச்சில் ஏறிவிட்டால் அப்புறம் கடவுளே வந்தாலும் வயதைக் குறைக்க முடியாது போலிருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கத்தையைத் தூக்கி எறிந்திருப்பேன். எறிந்து என்ன பயன்? பாதி ஊருக்குத் தபாலில் போய்விட்டிருந்தது.

கல்யாண நாள். மாப்பிள்ளையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பட்டு வேட்டி, ஜவ்வாது வாசனை, எண்ணெய் தேய்த்துக் குளித்த பளபளப்பு. அறுபது என்று அழைப்பிதழில் போட்டிருக்காவிட்டால் ஐம்பதுகூட மதிக்க முடியாது. காலையில் பாதாம் பால், சாயங்காலம் டென்னிஸ் என்று சிதம்பரமே பெருமையாகச் சொல்லுவார். எதிரே பலகையில் மாரிமுத்துவும் அஞ்சலையும். புது வேட்டியின் கஞ்சி மொடமொடப்பு அவரைக் குத்திக்கொண்டே இருந்தது. குழந்தையைப் பின்கட்டில் ஒருத்தியிடம் கொடுத்து, வாய் நிறைய லட்டைத் திணித்து வைத்திருந்தார்கள். வாய் திறந்தால் ‘அப்பா’ என்று கூப்பிட்டுவிடுமே!

நாகஸ்வரம் உச்சத்துக்குப் போனது. தலைவர் குனிந்தார். அஞ்சலை கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள், மாரியம்மனைக் கூப்பிட்டிருப்பாள். மாரிமுத்து பாவம், காலை உள்ளே இழுக்கப் பார்த்தார். சிதம்பரம் பின்னால் இருந்து அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பளீரென்று போட்டோ வெளிச்சம் அடித்தது. கைத்தட்டல் கூரையைப் பிளந்தது.

அதோடு முடிந்திருந்தால் நானும் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பேன். முடியவில்லை. தலைவர் மேடையில் ஏறினார்.

“தோட்டத்திலே மக்கள் அற்பாயுசில் சாகிறார்கள் என்று சிலர் பத்திரிகையிலே எழுதுகிறார்கள்.” என்னைத் தேடிப்பிடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அவர்களுக்கு இதோ என் பதில்! எழுபது வயது! இன்றும் விடியற்காலையில் எழுந்து பாலெடுக்க மரம் வெட்டுகிறார். இந்தப் பெரியவரைவிட வேறு சாட்சி வேண்டுமா? நம் தோட்டங்களின் ஆரோக்கியத்தைக் கவுன்சிலில் நான் எடுத்துச் சொல்லத்தான் போகிறேன்!”

ஒரே ஆரவாரம். சாப்பாட்டுக்கு நிற்காமல் எழுந்துவிட்டேன். போகிற வழியில் பார்த்தேன், முன்வரிசையில் மாரிமுத்துவின் தோட்டத்துத் துரை பெரிய கிராணியிடம் குனிந்து ஏதோ கேட்டார். கிராணி மெதுவாக இங்கிலீஷில் சொன்னார். துரை மாரிமுத்துவை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில் மாரிமுத்துவின் பெயரைக் கூப்பிடவில்லை.

எல்லாப் பெயரும் முடிந்து ஆட்கள் வெட்டுக்குக் கலைந்த பிறகும், வாளியோடு நின்றுகொண்டே இருந்திருக்கிறார். பிறகுதான் கங்காணி வந்து சொன்னாராம், “ஒனக்கு வேலை இல்லப்பா. ஊருக்கு அனுப்பச் சொல்லிட்டாரு தொரை.”

செய்தி கிடைத்ததும் ஓடினேன். பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், கெட்ட மனிதர் இல்லை. என்னைக் கண்டதும் கையைப் பிசைந்தார்.

“நான் என்ன செய்யிறது சொல்லுங்கோ? ரப்பர் விலை கிடக்கிற கிடையில துரை ஆள் குறைக்கப் பாத்துக்கொண்டு இருந்தவர். எழுபது வயசுக்காரன் மரத்தடியில விழுந்து செத்தா தோட்டத்துக்கல்லோ கெட்ட பேர் எண்டு சொல்லிப்போட்டார்.”

“அவருக்கு எழுபது இல்லீங்க. உங்களுக்கே தெரியுமே!”

“எனக்குத் தெரியும். ஆனா தலைவரே மேடையில சொன்னவர். துரையும் கேட்டவர். அதை இல்லையெண்டு சொல்ல நான் ஆர்? தலைவர் துரையிட்ட ஒரு வார்த்தை சொன்னா அலுவல் முடிஞ்சுது. அவரைப் போய்ப் பாருங்கோ.”

வழி தெரிந்துவிட்டது! ஒரே ஒரு வார்த்தை. ‘அவருக்கு நாற்பதுதான்.’ இதைச் சொல்லத் தலைவருக்கு என்ன கஷ்டம்? அன்று சாயங்காலமே மாரிமுத்து, அஞ்சலை, குழந்தை மூவரையும் கூட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். அவர்கள் மூவரும் வாசல்படிக்குக் கீழே நின்றார்கள். என்னை மட்டும் உள்ளே உட்காரச் சொன்னார்கள். சிதம்பரம் மூலையில் நின்றார்.

தலைவர் டென்னிஸ் ஆடிவிட்டு வந்திருந்தார். டவலால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பொறுமையாகத்தான் கேட்டார், குறை சொல்லக் கூடாது.

“எழுபது வயசுல என்னய்யா வேலை? ஊருக்குப் போய் நிம்மதியா ஓய்வு எடுக்கட்டுமே. நல்லதுதானே பண்ணியிருக்காரு தொரை.”

“அவருக்கு எழுபது இல்லீங்க. நாற்பது.”

“அதெப்படி?”

“இந்தக் குழந்தை அவரோட மகள். பேத்தி இல்லை. எழுபது வயசுக்காரருக்கு நாலு வயசுல பெண் குழந்தையா? நீங்களே சொல்லுங்க.”

தலைவர் வாசலை எட்டிப் பார்த்தார். குழந்தையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். கடகடவென்று சிரித்தார். “தோட்டத்துக் காத்து அப்படிய்யா!”

சிதம்பரமும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. “ஊர்ல அவருக்கு யாரும் இல்லை. நிலம் இல்லை, வீடு இல்லை. இங்கேதான் வளர்ந்தார். இங்கேதான் அப்பாவைப் புதைச்சார். கப்பல்ல ஏத்தி நாகப்பட்டினத்துல இறக்கிவிட்டா அந்தக் குடும்பம் எங்கேங்க போகும்? தொரைகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

தலைவர் டவலை மடித்து வைத்தார். சிரிப்பு போய்விட்டது. “நீர் விஷயம் புரியாம பேசறீர். போட்டோ பத்திரிகைல வந்தாச்சு. என்னை விட இருபது வயசு சின்னவன் கால்ல நான் விழுந்தேன்னு இப்ப சொல்லணுமா? ஊர்ல எவன் மதிப்பான்? நான் யார் கால்ல விழுந்தேனோ அவருக்கு எழுபது வயசு. அவ்வளவுதான்!”

“அப்ப ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கு அறுபது. நீங்க ஏன் ஓய்வு எடுக்கலை?”

கேட்டே விட்டேன். சிதம்பரம் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. கவுன்சிலில் அவரை மறுபடி நியமித்த செய்தி அன்று காலைதான் வந்திருந்தது. மாலைகள் இன்னும் வாடாமல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன.

தலைவர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். “பொது வாழ்க்கைக்கு ஏதுய்யா ஓய்வு?”

வெளியே வந்தேன். நடந்தது என் முகத்திலேயே தெரிந்திருக்கும். மாரிமுத்துதான் எனக்கு ஆறுதல் சொன்னார். “விடுங்க ஐயா. பெரியவங்க சொல்லிட்டாங்க.” பெரியவங்க! எனக்கு எரிந்தது பாருங்கள்... வீட்டுக்கு வந்து தங்கத்திடம் எரிந்து விழுந்தேன். அவள் பதிலுக்கு, “என்கிட்ட கத்தி என்ன ஆவப்போவுது? அங்க கத்தியிருக்கணும்” என்றாள்.

கத்தினேன் அம்மா, கத்தினேன். அந்த அறுபது வயதுக்காரருக்குத்தான் காது கேட்கவில்லை.

போன வாரம் ரெங்கம் ஸ்டேஷனில் வழியனுப்பப் போனேன். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய்மூட்டை, ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. நாட்டுக்கே ரப்பர்ப் பால் எடுத்துக் கொடுத்தவரின் மொத்தக் குடித்தனம் அதுதான். துறைமுகம் வரைக்கும் தோட்டமே டிக்கெட் கொடுத்திருந்தது. தங்கம் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை அஞ்சலையிடம் நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“ஐயா, நாங்க கப்பலுக்குப் போகலீங்க. வழியில எறங்கிடுவோம். என் தங்கச்சி புருஷன் ஒரு சீனன் தோட்டத்துல வெட்டறாரு. அந்தத் தவுக்கே மொதலாளி வயசெல்லாம் கேக்க மாட்டாராம். மரத்தை வெட்டிக் காட்டுன்னு மட்டும் சொல்லுவாராம்.”

எந்த ஸ்டேஷனில் இறங்கினார்கள் என்று எழுதமாட்டேன். துரைமார் தமிழ்ப் பத்திரிகை படிப்பதில்லை. கிராணிமார் படிக்கிறார்கள்.

“தப்பித் தவறி வயசு கேட்டா என்ன சொல்லுவீங்க?” என்று மாரிமுத்துவைக் கேட்டேன். பழையபடி ‘எவ்வளவு வேணும்’ என்று கேட்டுத் தொலைப்பாரோ என்று எனக்குப் பயம்.

அவர் பொக்கை வாயால் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். “இந்தத் தடவை நானே சொல்லிடுவேங்க. முப்பத்தஞ்சு!”

ரயில் வந்தது. குழந்தையைத் தூக்கி உள்ளே விட்டேன். அஞ்சலை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“அன்னிக்கு அந்த ஐயா கால்ல விழுந்தப்ப, இவரு ஆயுசு கொறைஞ்சிடுமேன்னு பயந்து செத்தேங்க. இருக்கற ஆயுசை அவரு கொறைக்கலீங்க ஐயா. நாங்க வாழாத வருசத்தை எல்லாம் எங்க தலையில ஏத்திட்டாரு.”

ரயில் போய்விட்டது. கடைக்கு வந்தேன். சிதம்பரம் காத்துக்கொண்டிருந்தார். கையில் அந்தப் போட்டோ, கண்ணாடி போட்டு, எனக்கு அன்பளிப்பாம். எனக்கு வந்த கோபத்தில் அதைத் திருப்பி அவர் கையிலேயே வைத்தேன்.

“கோச்சுக்காதீங்க சார். அடுத்து எண்பதாம் வயசு சதாபிஷேகம் வருமில்லையா? தலைவர் இப்பவே பேசிக்கிட்டிருக்காரு. அப்பவும் நீங்கதான் கூட இருந்து ஆள் பார்த்துக் குடுக்கணும்.”

அலமாக்! கவலையே படாதீர் சிதம்பரம். எண்பதுக்குத் தலைவர் நிச்சயம் இருப்பார்... ஆசி வழங்கத்தான் ஆட்கள் இருக்கமாட்டார்கள்.